உரைகல் யார் கையில்

தாய்லாந்தின் தெற்கே, அந்தமான் கடலோரத்தில், கிராபி என்றொரு மாகாணம். நம்மூர் ஆட்கள் இன்று தேனிலவுக்குப் போய்ப் படகில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் இடம். அங்கே குவான் லுக் பத் என்ற தொல்லியல் களத்தில் கிடைத்த சின்னக் கல் ஒன்று, கிளாங் தோம் ஊரிலுள்ள புத்த விகாரையின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கைக்கு அடக்கமான கல். அதில் தமிழ் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று வெட்டியிருக்கிறது. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டின் எழுத்து என்று கணித்திருக்கிறார்கள். பெரும்பத்தன் என்பவருடைய கல் என்று பொருள். பொன்வேலை செய்பவரைப் பத்தர் என்று அழைப்பது இன்றும் நம்மிடம் உண்டு. அந்தக் கல் ஓர் உரைகல்.

கடல் தாண்டிப் பிழைக்கப் போன ஒரு பொற்கொல்லர் தன் உரைகல்லில் பேரை எழுதி வைத்திருக்கிறார். தொலைந்துபோனால் திரும்பக் கிடைக்கட்டும் என்று எழுதியிருக்கலாம். பட்டறையில் நாலைந்து பேர் இருந்து, கல் மாறிப்போகாமல் இருக்க எழுதியிருக்கலாம். எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது. மொழி தெரியாத ஊரில், முகம் தெரியாத ஆட்களிடம் பொன் வாங்கி விற்கும்போது, 'இந்தக் கல் சொல்றதுக்கு நான் பொறுப்பு' என்று ஒருவர் சொல்லவேண்டி வருகிறது. கல்லுக்கு வாய் கிடையாது. அதை உரசுகிறவருக்குத்தான் உண்டு.

தங்கத்தை நம்புவது எப்படி என்பது இரண்டாயிரம் வருடப் பிரச்சினை. செல்போனில் வருகிற செய்தியை நம்பலாமா, கடையில் வாங்கும் தேன் தேன்தானா, அரசாங்கம் ஒட்டும் முத்திரைக்கு என்ன அர்த்தம் என்று இன்று நாம் கேட்கிற எல்லாக் கேள்வியும் தங்கத்தில் ஏற்கெனவே கேட்கப்பட்டுவிட்டது. பொருள் சிறியது, விலை பெரியது, வெறும் கண்ணால் பார்த்துத் தெரியாது, ஏமாந்தால் குடும்பமே உட்கார்ந்துவிடும். அதனால் மனிதர்கள் இந்த ஒரு விஷயத்தில் ரொம்ப யோசித்திருக்கிறார்கள்.

*

உரைகல் வேலை செய்யும் விதம் எளிது. வழவழப்பான கறுப்புக் கல். அதில் நகையை ஓர் இழுப்பு இழுத்தால் மெல்லிய கோடு விழும். பக்கத்திலேயே, மாற்று தெரிந்த ஒரு பொன் ஊசியை இழுத்து இன்னொரு கோடு போடுவார்கள். இரண்டு நிறமும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். செம்பு கூடியிருந்தால் கோடு சிவக்கும், வெள்ளி கூடியிருந்தால் வெளுக்கும். பிற்காலத்தில் கோட்டின் மேல் திராவகம் ஒரு சொட்டு விட்டார்கள். கலப்பு உலோகம் கரைந்து போகும், பொன் நிற்கும். தேர்ந்த கண்ணுக்கு இது வியக்கத்தக்க அளவு துல்லியமான சோதனை. அந்த அளவுகோல் ஊசிக்கு ஆணி என்று பெயர். ஆணிப்பொன் என்று நாம் சொல்வது அங்கிருந்து வந்தது. பத்தரை மாற்றுத் தங்கம் என்று மனிதர்களைப் புகழ்வதும் இந்தக் கணக்கிலிருந்துதான்.

சங்க காலத்தில் இந்த வேலைக்கென்றே ஆட்கள் இருந்தார்கள். வண்ணக்கர் என்று பெயர். பொன்னையும் காசையும் நோட்டம் பார்த்துச் சொல்பவர்கள். வடமவண்ணக்கன் பேரிசாத்தனார், வடமவண்ணக்கன் தாமோதரனார் என்று புலவர் பெயர்களிலேயே அந்தத் தொழில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பகலில் காசு பார்த்துவிட்டு மாலையில் அகம் புறம் எழுதினார்களோ என்னவோ. வள்ளுவரும் ஆட்களைத் தேர்ந்தெடுப்பது பற்றிப் பேசும் அதிகாரத்தில் கட்டளைக்கல்லைக் கொண்டுவருகிறார். அந்த அதிகாரத்தின் பெயர் தெரிந்துதெளிதல். அங்கே தெளிதல் என்றால் நம்புதல். ஆராய்ந்து பார்த்துப் பிறகு நம்புவதற்கு நம்மிடம் ஒரு தனிச்சொல் இருந்திருக்கிறது, நாம்தான் அதைக் குழம்பின் மேல் நிற்கும் நீருக்குக் கொடுத்துவிட்டோம்.

சரி, கல் இருக்கிறது, ஊசி இருக்கிறது, நிபுணர் இருக்கிறார். பிரச்சினை தீர்ந்ததா? கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தைத் திறந்தால் தீரவில்லை என்று தெரியும். பொன் அதிகாரியின் கடமைகளைச் சொல்லும் பகுதியில் உரைகல் மோசடிகள் பட்டியலாக வருகின்றன. நகக்கண்ணில் காவிப்பொடியை ஒளித்து வைத்துக்கொண்டு, உரசும்போது கோட்டின் மேல் லேசாகத் தூவிவிடுவது ஒன்று. மட்டப் பொன்னும் சிவந்து காட்டும். விரலில் சில பொருட்களைப் பூசிக்கொண்டு தொட்டால் நல்ல பொன்னும் வெளுத்துக் காட்டுமாம். அதாவது விற்கும்போது ஒரு வித்தை, வாங்கும்போது ஒரு வித்தை.

என்னை நிறுத்தி வைத்தது அந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு செய்தி. கற்களைப் பற்றியது. யானைத் தோல் நிறத்தில், கொஞ்சம் பச்சையோடி, பொன்னின் நிறத்தைத் தூக்கிக் காட்டும் கல் விற்பதற்கு நல்லது. கடினமாக, சொரசொரப்பாக, நிறத்தைத் தூக்கிக் காட்டாத கல் வாங்குவதற்கு நல்லது. மோசடியைக் கண்டுபிடிக்கச் சொல்லும் அதே நூல், அரசனின் அதிகாரிக்கு இந்த வியாபார நுணுக்கத்தையும் அலட்டிக்கொள்ளாமல் சொல்லிக்கொடுக்கிறது. இதில் காவிப்பொடி கிடையாது, கைவித்தை கிடையாது. கல் பொய் சொல்வதும் இல்லை. இரண்டுமே உண்மையான உரைகல்தான். எந்தக் கல்லை எடுத்து மேஜை மேல் வைப்பது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் விஷயம். கருவிகளைப் பற்றி இவ்வளவு நேர்மையாக எழுதப்பட்ட வரிகள் குறைவு.

*

இந்தச் சிக்கலுக்கு ஓர் ஊர் கண்டுபிடித்த விடை உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் இருக்கிறது. குடவோலைத் தேர்தலுக்காக எல்லோரும் கேள்விப்பட்ட ஊர். பாடப்புத்தகத்தில் வருகிற கல்வெட்டு வாரியத் தேர்தலைப் பற்றியது. அதே முதலாம் பராந்தகன் காலத்தில், 10ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், இன்னொரு ஏற்பாடும் அங்கே நடந்தது. ஊரில் புழங்கும் பொன்னைச் சோதித்துச் சொல்வதற்கு ஆட்களை நியமித்தார்கள். அவர்களையும் குடவோலை போட்டுத்தான் எடுத்தார்கள். ஊரின் வெவ்வேறு பிரிவினரிலிருந்து, பொன் பார்க்கத் தெரிந்தவர்களாக. எல்லோருக்கும் ஒன்றுபோலப் பார்க்க வேண்டும் என்று விதி. அதற்கு ஊதியமும் உண்டு.

அடுத்த விதியைப் படித்தால்தான் இவர்கள் எவ்வளவு விவரமான ஆட்கள் என்று தெரிகிறது. உரைகல்லில் உரசும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பொன் கல்லில் ஒட்டிக்கொள்ளும். ஒரு நகைக்கு அது ஒன்றுமே இல்லை. ஆயிரம் நகைக்கு? அதை மெழுகால் ஒற்றி எடுப்பார்கள். பிறகு மெழுகை உருக்கினால் பொன் தனியே வந்துவிடும். சோதிப்பவர் அந்த மெழுகைத் தானே வைத்துக்கொள்ளக் கூடாது, ஏரி வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று உத்திரமேரூர் சபை எழுதி வைத்தது. ஏரியைப் பராமரிக்கும் குழுவிடம்.

நல்லவனாகத் தேடிப்பிடித்து உட்கார வைத்துவிட்டு, அவன் நல்லவனாகவே இருப்பான் என்று நம்பிக் கைகட்டி நிற்கவில்லை அவர்கள். எங்கே ஆசை வரும் என்று பார்த்தார்கள். தேவைக்கு மேலே இரண்டு இழுப்பு அழுத்தி இழுத்தால் அவனுக்கு லாபம் என்றிருந்தால், அழுத்தித்தான் இழுப்பான். அந்த லாபத்தைக் கொண்டுபோய் ஏரியில் போட்டுவிட்டால் அழுத்துவதற்குக் காரணமே இல்லை. இலவசமாகக் கிடைக்கும் எந்தச் சேவையைப் பார்த்தாலும் எனக்கு இப்போது இந்த மெழுகு ஞாபகம் வருகிறது. ஒவ்வொரு தேடலிலும், ஒவ்வொரு தொடுகையிலும் நம்மிடமிருந்து உரசி எடுக்கப்படும் துணுக்கு யாருடைய மெழுகில் ஒட்டுகிறது?

உத்திரமேரூருக்குச் சுமார் நூறு வருடம் கழித்துத் தஞ்சாவூர். 1010இல் பெரிய கோயில் முடிகிறது. ராஜராஜன் கோயிலுக்குக் கொடுத்த பொன்னும் நகைகளும் சுவரில் வெட்டப்பட்டிருக்கின்றன. பொன்னை நிறுத்தது ஆடவல்லான் என்ற பெயர்கொண்ட எடைக்கல்லால். மணிகள் பதித்த நகைகளை நிறுத்தது தட்சிணமேருவிடங்கன் என்ற கல்லால். இரண்டுமே அந்தக் கோயில் இறைவனின் பெயர்கள். எடைக்கல்லுக்குச் சாமி பெயர் வைத்தால் யாரும் அதைச் சுரண்ட மாட்டார்கள் என்று நினைத்திருக்கலாம். ஆனால் சாமி பெயரோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. கணக்கைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று இறங்கி எழுதினார்கள். ஒரு கழஞ்சுக்கு 20 மஞ்சாடி, ஒரு மஞ்சாடிக்கு 2 குன்றி. நகைக்குள் அடைத்த அரக்கும் எடையில் சேர்ந்திருந்தால் அதையும் சொன்னார்கள். முத்துகளில் உருண்டை எது, சப்பட்டை எது, இரட்டை எது, கரடு எது என்று பிரித்தார்கள். வைரங்களில் கரும்புள்ளி, செம்புள்ளி, வெடிப்பு இருந்ததைக்கூட விடவில்லை.

யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு இந்தப் பகுதியிலேயே பெரிய அரசன். தான் கொடுத்த காணிக்கையில் எந்த வைரத்தில் கீறல் இருக்கிறது என்று சுவரில் வெட்ட அனுமதித்திருக்கிறான். இன்றைக்கு ஒரு ஜவுளிக்கடைகூடத் தன் புடவையைப் பற்றி அப்படி எழுதாது. குறையையும் சேர்த்துச் சொல்கிற பட்டியல்தான் பின்னாளில் சரிபார்க்க உதவும். 'மிக உயர்ந்த ரக வைரம்' என்று மட்டும் எழுதியிருந்தால், நாளைக்கு ஒருத்தர் மாற்றி வைத்தாலும் கண்டுபிடிக்க முடியாது. கரும்புள்ளியோடு எழுதினால் அந்தக் கரும்புள்ளியையே தேடலாம். இதையெல்லாம் மன்னனின் பெருமைக்காக மட்டும் படிக்கிறவர்கள், அந்தக் கணக்குப்பிள்ளைகளின் மூளையைக் கவனிக்காமல் போகிறார்கள் என்பது என் வருத்தம்.

*

சோதிக்காமல் நம்பியதால் வந்த கதையும் நம்மிடம் உண்டு. ரொம்பப் பெரிய கதை. சிலப்பதிகாரத்தில் கோவலன் சாவதற்கு வழக்கு, சாட்சி, விசாரணை எதுவும் நடக்கவில்லை. பொற்கொல்லன் சொல்கிறான், அரசன் கேட்கிறான். துறை வல்லுநர் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். கண்ணகி வந்து செய்தது அறிவியல்ரீதியாகப் பார்த்தால் ஒரு சோதனை. அரசியின் சிலம்புக்குள் முத்து, தன் சிலம்புக்குள் மாணிக்கம் என்று முதலிலேயே இருதரப்பும் சொல்லிவிடுகிறார்கள். பிறகு உடைக்கிறாள். உடைத்தால்தான் தெரியும் என்ற சோதனை, அதனால் மறுக்க முடியாத சோதனை. அது காலையிலேயே செய்திருக்கக் கூடியதுதான்.

அதே காப்பியம் இன்னொன்றையும் சொல்கிறது. பாண்டியன் இறந்தபின் கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன், கண்ணகிக்குப் பலியாக ஆயிரம் பொற்கொல்லர்களைக் கொன்றான். ஏமாற்றியவன் ஒருவன். சரிபார்க்காமல் கொல்லச் சொன்னவன் அரசன். தண்டனை ஆயிரம் தொழிலாளிகளுக்கு. இது நடந்ததோ நடக்கவில்லையோ, கதை போகும் திசையைப் பாருங்கள். பெற்ற தாயின் பொன்னிலும் கொஞ்சம் எடுத்துக்கொள்வான் என்று ஆசாரிகளைப் பற்றி ஒரு பழமொழி ஊரெல்லாம் உலாவுகிறது. அது ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்ட சந்தேகம். நிறுக்கிற தராசு கடைக்காரரிடம், சட்டம் அரசிடம், வட்டி லேவாதேவிக்காரரிடம், ஆனால் திருடன் பட்டம் மட்டும் ஊதுகுழலோடு அடுப்புமுன் குனிந்திருந்தவருக்கு.

இத்தனைக்கும் பழைய முறையில் வாடிக்கையாளர் கண்ணெதிரேதான் எல்லாம் நடந்தது. பொன்னை நாம்தான் கொடுப்போம். ஆசாரி வீட்டுக்கே வந்து திண்ணையில் உட்கார்ந்து செய்வார், அல்லது நம்மாள் பட்டறையில் போய் உட்கார்ந்திருப்பார். 'கண்ணு முன்னாடி உருக்கச் சொல்லு' என்று பாட்டிமார் சொல்லி அனுப்புவார்கள். பற்றவைக்கப் பொடி போட்டு ஊதும்போது என்ன பொடி என்று எட்டிப் பார்ப்பார்கள். 'பொடிவச்சுப் பேசுறான்' என்று நாம் சொல்வதற்கும் இந்தப் பட்டறைக்கும் உறவு உண்டு என்றே நினைக்கிறேன். சந்தேகமும் நெருக்கமும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தன. ஒருத்தரை நம்பாமலே அவரோடு மூன்று தலைமுறை உறவாக இருக்க முடிந்திருக்கிறது.

*

வெள்ளைக்காரர்கள் இதற்குள் ஒரு காசைக் கொண்டுவந்தார்கள். சவரன். 1817இல் இங்கிலாந்தில் அடிக்க ஆரம்பித்த தங்க நாணயம், எடை 7.98 கிராம், 22 காரட். காரட் கணக்கில் சுத்தத் தங்கம் 24. அதில் 22 பங்கு என்றால் ஆயிரத்துக்கு 916.66. கடைகளில் இன்று பளபளக்கும் 916 என்ற எண்ணின் கணக்கு இதுதான், புதுசாக யாரும் கண்டுபிடிக்கவில்லை. எட்டு கிராமுக்குச் சவரன் என்றும் பவுன் என்றும் நாம் பெயர் சொல்லிக்கொண்டிருப்பது, அந்தக் காசு நம் வீடுகளில் எவ்வளவு ஆழமாக நம்பப்பட்டது என்பதற்கு அடையாளம். 1918இல் பம்பாயிலேயே சவரன் அடித்தார்கள். ராஜா தலையை யாரும் விரும்பியதால் அல்ல. எந்த ஊரில் எடுத்தாலும் அதே எடை, அதே மாற்று.

அந்த ஒழுங்கு தானாக வந்ததில்லை. லண்டன் நாணயச்சாலை அடிக்கும் காசுகளில் சிலவற்றைப் பெட்டியில் எடுத்து வைத்து, பொற்கொல்லர் சங்கத்து நடுவர்கள் உருக்கிச் சோதிப்பது பல நூற்றாண்டு வழக்கம். நாணயச்சாலையின் தலைவராக இருந்த ஐசக் நியூட்டனே 1710இல் இதில் மாட்டிக்கொண்டார். அவர் அடித்த தங்கக் காசு அளவுகோல் தகட்டைவிட மாற்று குறைவு என்று நடுவர்கள் சொன்னார்கள். நியூட்டன் ஒத்துக்கொள்ளவில்லை. காசு சரி, 1707இல் செய்த அந்த அளவுகோல் தகடுதான் இருக்க வேண்டியதைவிடச் சுத்தமாக இருக்கிறது என்று வாதாடினார். ஆணியே தப்பு என்றார். அவர் சொன்னதுதான் சரி. எல்லாவற்றையும் எதனுடன் ஒப்பிடுகிறோமோ அதை எதனுடன் ஒப்பிடுவது? நியூட்டனாக இருந்ததால் கேட்டார், மற்றவர்கள் அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

தமிழில் நாணயம் என்றால் காசு, நாணயம் என்றால் நேர்மை. எந்த மொழியில் இப்படி அமையும்? ஆனால் அரசு அடித்த நாணயத்தின் மேல் வந்த நம்பிக்கை, அரசு சொல்லும் எல்லாவற்றின் மேலும் வந்துவிடாது என்பதைச் சுதந்திர இந்தியா சீக்கிரமே கற்றுக்கொண்டது.

1962 சீனப் போர் முடிந்த கையோடு, 1963 ஜனவரியில், நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தார். 14 காரட்டுக்கு மேல் புதிய நகை செய்யக் கூடாது. அந்நியச் செலாவணி கரைகிறது, கடத்தல் பெருகுகிறது, மக்கள் தங்க மோகத்தை விட வேண்டும் என்பது காரணம். காகிதத்தில் பார்த்தால் நியாயம். 14 காரட் என்றால் ஆயிரத்துக்கு 585. கல்லில் உரசினால் வெளிறிய கோடு. நாளைக்கு ஆஸ்பத்திரி செலவுக்கு அடகு வைக்கப் போனால் என்ன கிடைக்கும்? பெண்ணுக்குப் போடும் நகை அலங்காரத்துக்கு மட்டும் என்று டெல்லியில் யாரோ நினைத்திருக்கிறார்கள். வங்கி எட்டாத ஊரில் அதுதான் வங்கிக் கணக்கு, பெண் பேரில் இருக்கும் ஒரே சொத்தும் பெரும்பாலும் அதுதான். கணக்கில் பாதியை வெட்டுகிறேன் என்றால் யார் கேட்பார்கள்?

யாரும் கேட்கவில்லை. இருபத்திரண்டு காரட் இருட்டுக்குள் போனது. கடத்தல் குறையவில்லை. அடி விழுந்தது மறுபடியும் அடுப்புமுன் இருந்தவருக்கு. தெரிந்த ஒரே தொழில் ஒரே இரவில் குற்றமானது. நாடு முழுக்கப் பொற்கொல்லர்கள் வேலை இழந்தார்கள், தற்கொலைகள் நடந்தன, நாடாளுமன்றத்தில் பேசப்பட்டது. 14 காரட் விதியை 1966இல் திரும்பப் பெற்றார்கள். ஆனால் 1968இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, கட்டியும் காசுமாகத் தங்கம் வைத்திருப்பதைத் தடைசெய்தது. அது ரத்தாக 1990 ஆனது. அந்த விதிகள் அரசுக்கு மக்களிடம் இருக்கும் தங்கத்தைச் சோதிக்க உதவின. மக்கள் தாங்கள் வாங்கும் தங்கத்தைச் சோதிக்க ஒரு வழியும் அவற்றில் இல்லை. எனக்கு உத்திரமேரூர் பெரிதாகத் தெரிவது இங்கேதான்.

*

சட்டம் போனபின் கடைகள் பெருத்தன. ஆசாரி பின்கட்டுக்குப் போனார், கண்ணாடி மேஜையும் குளிர்சாதனமும் முன்னால் வந்தன. இப்போது யாரை நம்புவது? விளம்பரத்தை. அந்த நாட்களில் பிரபலமான சொல் கேடிஎம். 'கேடிஎம் நகைதானே?' என்று கேட்காமல் யாரும் வாங்கவில்லை. சுத்தத்துக்கு இன்னொரு பெயர் என்றே பலரும் நினைத்தார்கள். உண்மையில் அது பற்றவைப்புக்கான பற்றாசு, கேட்மியம் கலந்தது. பழைய பற்றாசில் செம்பும் வெள்ளியும் கூடுதலாக இருக்கும், இணைப்புகள் அதிகமுள்ள நகையை உருக்கினால் மொத்த மாற்று இறங்கிவிடும். கேட்மியம் கொஞ்சம் போட்டாலே போதும் என்பதால் மாற்று குறையாது. ஆக நகையே மட்டமான தங்கமாக இருந்து, பற்றாசு மட்டும் கேட்மியமாக இருந்தாலும் அது கேடிஎம் நகைதான். அந்தச் சொல் சுத்தத்துக்கு எந்த உத்தரவாதமும் தரவில்லை. தந்தது புகையை. கேட்மியப் புகை நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நஞ்சு. வாடிக்கையாளரின் மனநிம்மதிக்காகப் பட்டறையில் இருந்தவர் அதைச் சுவாசித்தார். பிறகு இந்தியத் தர நிர்ணய அமைப்பு கேட்மியம் கூடாது என்றது. சொல் மட்டும் இன்னும் சில வாய்களில் இருக்கிறது.

அதே அமைப்பு 2000இல் தங்கத்துக்கு ஹால்மார்க் முத்திரையை ஆரம்பித்தது. ஹால் என்பது லண்டன் பொற்கொல்லர் சங்கத்தின் மண்டபம். செய்த பொருளை அங்கே கொண்டுபோய்ச் சோதித்து முத்திரை வாங்கிய பழக்கத்திலிருந்து வந்த பெயர். இந்தியாவில் இருபது வருடம் அது விருப்பமாக இருந்தது. 2021 ஜூன் 16 முதல், முதல்கட்டமாக 256 மாவட்டங்களில் கட்டாயம். ஜூலையிலிருந்து ஒவ்வொரு நகைக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கத் தனிக்குறியீடு. கடைக்காரர்கள் கொதித்தார்கள், ஆகஸ்ட் 23 அன்று கடையடைப்பு நடத்தினார்கள். இது சுத்தத்தைப் பார்க்கும் ஏற்பாடு இல்லை, எங்களைப் பின்தொடரும் ஏற்பாடு என்றார்கள். 2023 ஏப்ரலிலிருந்து அந்தக் குறியீடு இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது என்றானது.

இன்று நகையை லென்ஸில் பார்த்தால் மூன்று அடையாளம் தெரியும்: முக்கோண முத்திரை, 916 போன்ற எண், ஆறு இலக்கம். அதைச் செயலியில் அடித்தால் கடையின் பதிவு எண், சோதித்த மையம், என்ன வகை நகை என்பதெல்லாம் வரும். சோதிப்பது கடை இல்லை, தனி மையம் என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் மையத்துக்குக் காசு கொடுப்பது கடை. இதை உத்திரமேரூர் சபையில் யாராவது கேட்டிருந்தால் புருவத்தைத் தூக்கியிருப்பார்கள். அங்கே எக்ஸ்ரே கருவி நகையின் மேற்பரப்பைப் படிக்கிறது. மேற்பரப்பை மட்டும், அதுவும் சில மைக்ரான் ஆழத்துக்குத்தான். உள்ளே என்ன என்று உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் ஒரு துணுக்கை வெட்டி, ஈயமும் வெள்ளியும் சேர்த்துச் சாம்பல் கிண்ணத்தில் உருக்கி, திராவகத்தில் வெள்ளியைக் கரைத்து, மிஞ்சும் பொன்னை நிறுக்க வேண்டும். கண்ணகி செய்ததன் அமைதியான வடிவம். எல்லா நகையையும் அப்படி வெட்ட முடியாது, அதனால் தொகுதியில் சிலதை எடுத்துச் சோதிக்கிறார்கள்.

குறியீட்டுக்கும் ஒரு எல்லை உண்டு. ஆறு எழுத்தை லேசர் உள்ள யாரும் பொறிக்கலாம். செயலி சொல்வது, இப்படியொரு எண் உண்டு, அது ஒரு மோதிரத்துக்குக் கொடுக்கப்பட்டது என்பதை. உங்கள் கையில் இருப்பது அந்த மோதிரம்தானா என்பதைச் செயலி பார்க்கவில்லை. நீங்கள்தான் பார்க்கிறீர்கள். ராஜராஜனின் கணக்குப்பிள்ளை கரும்புள்ளியை எழுதியது இதற்காகத்தான்.

குறையைச் சொல்லும்போது சரியாக இருப்பதையும் சொல்ல வேண்டும். இந்த ஏற்பாட்டில் முதன்முறையாக வாங்குபவர் கையிலும் ஒரு கல் கொடுத்திருக்கிறார்கள். முத்திரை இல்லாத பழைய நகையை நாமே நேராகச் சோதனை மையத்துக்குக் கொண்டுபோகலாம். நான்கு நகைவரை 200 ரூபாய் என்று 2022இல் அறிவித்தார்கள். முத்திரையிட்ட நகை மாற்று குறைந்தால், குறைந்த அளவின் மதிப்பைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் கேட்க விதி இருக்கிறது. நகைச்சீட்டு கட்டும் எத்தனை பேருக்கு இது தெரியும்? செய்கூலி, சேதாரம் பற்றி ஒரு மணி நேரம் பேரம் பேசுகிற நாம், ரசீதில் குறியீடு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. 'தாத்தா காலத்துலேர்ந்து இங்கதான் வாங்குறோம்' என்பது இன்னும் நம் உரைகல்.

வங்கிகள் அப்படி இல்லை. 916 பொறித்த நகையைக் கொண்டுபோனாலும் நகை மதிப்பீட்டாளர் முதலில் கறுப்புக் கல்லை எடுத்து ஓர் இழுப்பு இழுத்துத்தான் பார்ப்பார். எனக்கு அதில் ஓர் ஆறுதல் உண்டு. ஆனால் 2021இல் கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடிக்காகக் கணக்கெடுத்தபோது, சில சங்கங்களில் போலி நகைக்கும், நகையே இல்லாமலும் கடன் போயிருப்பது வெளியே வந்தது. கல் அங்கேயும் இருந்தது.

கட்டாய ஹால்மார்க் விதியில் ஒரு விலக்கு இருக்கிறது. இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு முத்திரை தேவையில்லை. சின்னப் பொருளில் பொறிக்க இடம் இல்லை, செலவும் கட்டாது என்பது நடைமுறைக் காரணம். மூக்குத்தி, குழந்தைக்குக் காது குத்தும் வளையம், தாலிக்கொடியில் கோக்கும் குண்டுமணி எல்லாம் இரண்டு கிராமுக்குள்தான் வரும். நூறு நாள் வேலைக் காசைச் சேர்த்து வைத்து ஒருத்தி வருடத்துக்கு ஒருமுறை வாங்குவதும் இரண்டு கிராமுக்குள்தான் இருக்கும். அதற்குக் குறியீடு கிடையாது. செயலியில் அடித்துப் பார்க்க எதுவும் இல்லை. கடைக்காரர் ஒரு ரோஸ் கலர் தாளில் மடித்துக் கொடுத்து, 'நல்ல தங்கம்தாம்மா' என்று சொல்வார். பெரும்பத்தன் கல்லில் பேர் எழுதியிருந்த மாதிரி, அந்த மூக்குத்திக்குப் பின்னால் யார் பெயரும் இல்லை.